சவரிமுத்து வீட்டு ஆண்கள்

தைரியராஜ் என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். தும்மல் வந்தால் கூட இது எதில் கொண்டுபோய் விடுமோ என்று யோசிக்கிற ரகம் அவர். மன்னார்புரத்துக்கு மேற்கே ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் கோவில்பிள்ளையாக இருந்தார். விடிந்ததும் கதவு திறப்பது, பூசைக்கு மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, அணைப்பது என்று சில்லறை வேலைகள் நிறைய. பெரிய வேலை எழுத்து வேலைதான். ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், மரித்தோர் புத்தகம் என்று மூன்று தடித்த புத்தகங்கள் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும். பங்கில் பிறந்தவரும், மாலை மாற்றியவரும், மண்ணுக்குப் போனவரும் அவருடைய பேனாவுக்குத் தப்பியதில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யாராவது பெரியவர்கள் வந்தால் பங்குச் சாமி புத்தகத்தைத் திறந்து காட்டிப் பெருமைப்படுவார்.

மனைவி டைபாய்டில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது நாலு வயது மூத்த அக்காள் அக்னஸ் ஒருத்திதான். திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் அந்தோணிமுத்துவை இழந்து, ஒரே மகள் பாக்கியமேரியை வையம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கனத்த உடம்பு, பெரிய குரல், யாருக்காகவும் எதையும் தூக்கிக்கொண்டு நடக்கிற குணம். தம்பியின் பயத்தையும் சேர்த்து அவள்தான் சின்ன வயதிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

1958-ல், ஜூன் மாதம் என்று நினைக்கிறேன், ஒரு கிழவருக்குச் சாவு மணி அடித்துக்கொண்டிருந்தபோது தைரியராஜுக்கு நெஞ்சை யாரோ உள்ளிருந்து முறுக்குகிற மாதிரி இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வேறு யாராவது என்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு மிச்ச மணியை அடித்திருப்பார்கள். இவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அக்காள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அக்னஸ் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனாள். உத்தர வீதியில் சடகோபன் என்று ஒரு எல்.எம்.பி. டாக்டர் மாடியில் வைத்தியம் பார்த்துவந்தார். வயதானவர், பொறுமைசாலி, புத்தகம் படிக்கிறவர். செங்குத்தான படிகள். தைரியராஜ் ஏறிவிட்டார். அக்னஸ் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உடம்பு பெருத்துப் போச்சு என்று தானே சிரித்துக்கொண்டாள். தம்பியும் சிரித்தார்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பைப் பார்த்தார். அதிகம்தான். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார், சர்க்கரை இல்லை. நாளைக்கு எத்தனை சுருட்டு என்று கேட்டார். ஆறு என்று சொன்னதை அக்னஸ் எட்டு என்று திருத்தினாள். பிறகு தகப்பனார் எந்த வயதில், எதில் காலமானார் என்று கேட்டார். தைரியராஜுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது காத்து பட்டுவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னார்கள்.

"காத்துமில்லே, கருப்புமில்லே," என்றார் டாக்டர். "உங்க ரத்த சம்பந்தத்துல யார் யார் எந்த வயசுல எப்படிப் போனான்னு விசாரிச்சுண்டு வாங்கோ. அது தெரிஞ்சாத்தான் உங்க நெஞ்சைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும்."

மற்ற நோயாளிகளிடம் இப்படிக் கேட்டால் அத்தையைக் கேட்டு, சித்தியைக் கேட்டு, ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். தைரியராஜுக்கு யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அறுபது வருஷத்துச் சாவு அவர் அலமாரியில் இருந்தது. மரித்தோர் புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் பெயர், வயது, இன்னார் மகன், சாவுக்குக் காரணம் என்று கட்டம் போட்டிருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து தேடினார். தகப்பன் சவரிமுத்து, நாற்பத்தேழு, திடீர் மரணம். தாத்தா செபஸ்தியான், ஐம்பத்தொன்று, நெஞ்சடைப்பு. பெரியப்பா நாற்பத்தொன்பது, சித்தப்பா நாற்பத்துநாலு, இரண்டும் திடீர் மரணம். கடைசியாக அண்ணன் அமிர்தராஜ், நாற்பத்தாறு. அந்த வரியை அவரே கைப்பட எழுதியிருந்தார். பொன்மலையில் வேலை முடிந்து சைக்கிளில் வருகிறவன் வழியில் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷம் முன்னால் அதை எழுதியபோது அது ஒரு சாவு. இப்போது ஐந்து வரியையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது அடுத்த வரி யாருக்கு என்பது தெரிந்துவிட்டது. அவருக்கு அந்த வருஷம் நாற்பத்துநாலு நடந்துகொண்டிருந்தது.

தாளை டாக்டரிடம் கொடுத்தபோது அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வருகிறவர்களில் ஒருவன் கூட இப்படிச் சுத்தமாக எழுதிக்கொண்டு வந்ததில்லை என்று பாராட்டினார். பிறகு நிதானமாக விளக்கினார். வெளிநாட்டில் ஒரு ஊர் ஜனங்களையே வருஷக்கணக்காகப் பார்த்து எழுதிவருகிறார்களாம். யாருக்கு நெஞ்சடைப்பு வரும் என்று முன்கூட்டியே கொஞ்சம் ஊகிக்கலாம் என்று இப்போது தெரிய வருகிறதாம். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை, சர்க்கரை, இவற்றோடு வம்சம். மற்றதில் எல்லாம் மனுஷன் கொஞ்சம் கைவைக்க முடியும், வம்சத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. சுருட்டை விட வேண்டும், உப்பையும் நெய்யையும் குறைக்க வேண்டும், கொதிப்பு இறங்கச் சர்ப்பகந்தா மாத்திரை சாப்பிட வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, தண்ணீர் இறைக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

அதுவரை கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்னஸ் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் அதே அப்பாதானே டாக்டரே?"

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த யோசனையை முடிய விடாமல் தைரியராஜ் குறுக்கே விழுந்தார்.

"புஸ்தகம் பூரா பார்த்துட்டேங்க. எங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தர் பேர் கூட இல்லை."

"அப்போ சரி," என்றார் டாக்டர். "பொதுவாவே ஸ்த்ரீகளுக்கு இது அபூர்வம். பகவான் அந்த ஒரு சலுகை குடுத்திருக்கார். நீங்க தம்பியைப் பார்த்துக்கோங்கோம்மா."

பட்டை மேஜை மேல்தான் கிடந்தது. எட்டி எடுத்து அவள் கையில் ஒரு தடவை சுற்றிப் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன செய்வது, அறுபது வருஷத்துச் சாட்சி அல்லவா அவர் முன்னால் உட்கார்ந்து இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே அக்னஸ் திருவானைக்காவல் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஒப்படைத்துவிட்டார், இனி அவளுக்கு வேறு வேலை கிடையாது. கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். விறகு பிளந்தாள். அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு உப்பில்லாத குழம்பு தனியாக, தனக்குப் பழையபடி உப்புப் போட்ட குழம்பு. அவர் தொடாத நெய் வீணாகிறதே என்று அதையும் தானே ஊற்றிக்கொண்டாள். மாதம் ஒருமுறை ஸ்ரீரங்கம் போனால் தைரியராஜ் கீழே கம்பவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். மாடி ஏறக் கூடாதே. அக்னஸ்தான் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய், தம்பி வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு வருவாள். டாக்டர் பட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து பார்ப்பார்.

தைரியராஜ் சுருட்டை விட்டார், நெய்யை விட்டார், மணிக்கயிற்றைச் சாமியிடம் சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டார். நாடி பார்ப்பதுதான் புதுப் பழக்கம். பூசை நடக்கும்போது கைகட்டி நிற்பதுபோலத் தெரியும், விரல் மணிக்கட்டில் இருக்கும். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தன் வம்சத்தை விளக்குவதில் அவருக்கு ஒரு விதப் பெருமையும் வந்துவிட்டது. சவரிமுத்து வீட்டு ஆண்கள் என்று ஆரம்பித்து ஐந்து பேரையும் வயதோடு ஒப்பிப்பார். கேட்கிற பெண்கள் பயந்து விழித்தால், உங்களுக்குக் கவலை இல்லை, பெண்களுக்கு இது வராது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று தேற்றுவார். லீவுக்கு அம்மாவைப் பார்க்க வந்த பாக்கியமேரியிடமும் அப்படித்தான் சொன்னார். அவள் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு, நல்லவேளை எனக்குப் பையன் பிறக்கவில்லை மாமா என்றாள்.

நாற்பத்தேழு வந்தது. தகப்பன் போன வயது. அந்த வருஷம் பூராவும் அவர் செத்துச் செத்துப் பிழைத்தார் என்றால் மிகையில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் அக்னஸ் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தம்பி மூச்சு விடுகிறானா என்று பார்ப்பாள். நாற்பத்தெட்டு முடிந்தது. அவள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்தே போய்விட்டு வந்தாள். வந்தபோது காலில் ஒரு புண். ஆறு மாதம் ஆகியும் ஆறவில்லை. வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரிக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றாள். வெயில் காலம் என்றார் தைரியராஜ்.

1963-ல் அவளுக்கு இடது பக்கத் தாடை வலிக்க ஆரம்பித்தது. குடம் சுமக்கும்போது வலிக்கும், இறக்கி வைத்தால் நிற்கும். பல் என்று நினைத்துக்கொண்டு நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வலி போகவில்லை. இடது தோள் கடுத்தது. இடது இடுப்பில் குடம் வைத்தால் அப்படித்தான், வலதுக்கு மாற்று என்று தம்பி யோசனை சொன்னார். தன் நெஞ்சில் ஒரு கொசு உட்கார்ந்தால் தெரிகிற மனுஷன் அவர். பக்கத்தில் இருந்தவளுடைய வலியை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பல், குடம், வெயில், வாயு.

அக்டோபர் மாதம் கடைசி ஞாயிறு. முதல் பூசை முடிந்து தைரியராஜ் வீட்டுக்கு வந்தபோது அக்னஸ் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். பாதி இறைத்த வாளி கயிற்றோடு கிடந்தது. முகம் வெளுத்து, ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"தம்பி, நெஞ்சுல அம்மிக்கல்லை வச்ச மாதிரி இருக்குடா."

அதைக் கேட்டதும் அவர் கை போனது எங்கே தெரியுமா? தன்னுடைய நாடிக்கு. ஐந்து வருஷப் பழக்கம். அதைப் பிடித்துக்கொண்டே அவளை உள்ளே நடத்திக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வாயு அக்கா, பொம்பளைகளுக்கு இது வராது என்று சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள். தம்பி படித்தவன், புத்தகம் பார்த்தவன், அவனுக்குத் தெரியாதா. நீ அலையாதே, உனக்கு ஆகாது, போய் உட்கார் என்றாள். கல்லறைத் திருநாளில் வாசிக்க வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுத்த, மரித்தவர்களின் பெயர்ப் பட்டியல்களைச் சாமி அன்றைக்கே கேட்டிருந்தார். இரண்டாவது பூசைக்கு மணி அடித்தது. தைரியராஜ் கோவிலுக்குப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் பேச்சு குழறியது. தெருமுனையில் ஜட்கா ஓட்டுகிற வீரமலையைக் கூட்டிவந்தார். வீரமலை ஒருவனாகவே அவளைத் தூக்கி வண்டியில் கிடத்தினான். தைரியராஜ் தூக்கக் கூடாதென்று அவனுக்கும் தெரியும், பங்குக்கே தெரியும். பெரியாஸ்பத்திரிக்குப் பாதி வழியில் வீரமலை குதிரையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகத்தான் ஓட்டினான்.

அடக்கம் முடிந்த மறுநாள் தைரியராஜ் மரித்தோர் புத்தகத்தைத் திறந்தார். அக்னஸ் என்று எழுதினார். வயது ஐம்பத்துமூன்று. அடுத்த கட்டம். ஆண் என்றால், கல்யாணமாகாத பெண் என்றால் தகப்பன் பெயர். கல்யாணமான பெண் என்றால் புருஷன் பெயர். இருபது வருஷமாக எழுதிய முறைப்படி கை தானாக எழுதிவிட்டது: மரித்த அந்தோணிமுத்து பெண்சாதி. காரணம், திடீர் மரணம்.

மை காயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வரியில் ஏதோ இடித்தது. சவரிமுத்துவை எங்கேயும் காணோம். நாளைக்கு ஒருவன் வந்து சவரிமுத்து வீட்டுச் சாவுகளைத் தேடினால் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான். இப்படித்தானே அன்றைக்கு நானும் தாண்டிப் போனேன் என்று நினைத்ததும் பேனாவை மூடி வைத்தார்.

பக்கத்தில் நின்ற கல்யாணப் புத்தகத்தை எடுத்தார். அப்பாவுக்கு மூன்று சகோதரிகள். யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பது அதில் இருந்தது. அந்தப் புருஷன்மார் பெயரை வைத்துக்கொண்டு மரித்தோர் புத்தகத்தில் தேடினார். மூன்று நாள் எல்லாம் ஆகவில்லை, ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஞானப்பூ அத்தை, ஐம்பது, மூச்சு முட்டி. சூசையம்மாள் அத்தை, நாற்பத்தெட்டு, திடீர் மரணம். மூன்றாவது அத்தை வேறு பங்குக்குப் போனவள், அவள் வரி இங்கே இல்லை. தாத்தாவின் தங்கை ஒருத்தி அகப்பட்டாள். ஐம்பத்துநாலு, நெஞ்சடைப்பு. ஐந்து வருஷமாக அந்தப் புத்தகம் இந்தப் புத்தகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் நின்றிருந்தது.

பெண்களின் பெயரைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். அன்றைக்கு மாடி ஏறினார். சடகோபன் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். கதவோரத்துப் பெஞ்சைப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"மாசா மாசம் படியேறி வந்து நின்னா," என்றார் டாக்டர். "மூச்சு வாங்கிண்டு நின்னா. நானும் பார்த்துண்டுதான் இருந்தேன்."

தாளை மடித்துத் தைரியராஜ் கையில் திருப்பிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

அடக்கத்துக்கு வந்துபோன பாக்கியமேரி நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மறுபடி வையம்பட்டியிலிருந்து வந்திருந்தாள். முப்பத்தோரு வயது. அம்மாவின் கனமும் அம்மாவின் குரலும் அப்படியே. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. புது மண்மேட்டில் பூப்போட்டு மெழுகுவத்தி கொளுத்தினாள். சாமி வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து தைரியராஜ் அந்தத் தாளை எடுத்தார். அத்தைகள் பெயரையும் வயதையும் படித்துக் காட்டினார். கடைசியாக அவள் அம்மா பெயர். இது ஆண்களின் வியாதி இல்லை, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், இது நம் ரத்தத்தில் இருக்கிறது, உனக்கும் வரலாம், திருச்சிக்கு வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள், பாரம் தூக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாகப் பேசியது அன்றைக்குத்தான். அழுதுகொண்டேதான் சொன்னார்.

பாக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு மாமா மேல் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க? அம்மா போன துக்கத்துல என்னென்னமோ தோணுது உங்களுக்கு. அம்மாவுக்கு வாயுதான். நீங்க உங்க உடம்பைப் பாருங்க."

அவர் தாளை அவள் கையில் திணித்தார். அவள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டாள். எரிந்து தீராத மெழுகுவத்தித் துண்டுகள் நாலைந்து மண்ணில் நின்றன. அவற்றைப் பிடுங்கி, அந்தத் தாளில் சுற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா விட்டுப்போன பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தாள். வீரமலை வண்டி கொண்டுவரட்டும் என்று தைரியராஜ் சொல்வதற்குள் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, போயிட்டு வரேன் மாமா என்று பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டாள்.

மன்னார்புரம் முக்கு வரைக்கும் அவள் போவது தெரிந்தது. நடுவில் ஒரு தடவை நின்றாள். ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாடையைத் தடவினாள், பிறகு நடந்தாள். தைரியராஜ் கல்லறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எப்போது மணிக்கட்டுக்குப் போனதென்று அவருக்கே தெரியாது. நாடி ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.